விசில் சார் பார்த்த கடைசி ஓவர்

இந்தியா இதுவரை தோற்ற கிரிக்கெட் மேட்ச் அத்தனைக்கும் ஒரே ஆள்தான் காரணம். கேட்ச் விட்டவர்கள், நோ பால் போட்டவர்கள், அவசரப்பட்டுத் தூக்கி அடித்து அவுட் ஆனவர்கள் எல்லாம் பாவம், வீண்பழி சுமந்தவர்கள். உண்மையான குற்றவாளி கொடைக்கானல் மலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தார். விசில் சார் என்றால் பஜாரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பாலசமுத்திரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணும் அவர் வீட்டுக்காரம்மாவே, "விசில் சார் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்.

விசில் எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று சொல்வார்கள், நான் போய்ப் பார்த்ததில்லை. வாயைத் திறந்து பேசுவதைவிட ஊதுவது அவருக்குச் சுலபம். டீக்கடையில் சின்னதாக ஒரு விசில் அடித்தால் டீ. இரண்டு அடித்தால் கூட வடையும் வரும். நீளமாக ஒன்று அடித்தால் சர்க்கரை தூக்கல் என்று மாஸ்டருக்குப் புரிந்துவிடும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் எங்கள் மலையில் எதிரே வருகிற ஆளின் மூக்குகூடத் தெரியாது. அந்த நேரத்திலும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே, இப்போது விசில் சார் தபாலாபீஸ் தாண்டுகிறார், இப்போது சர்ச் மேட்டில் ஏறுகிறார் என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு அவர் ஒரு பழக்கம் ஏற்படுத்தி வைத்திருந்தார். அடுத்தடுத்து இரண்டு குட்டை விசில் கேட்டால், எங்கே இருந்தாலும் "யெஸ் சார்" என்று குரல் கொடுக்க வேண்டும். பனியில் பிள்ளைகளைத் தேட அதுதான் வழி. ஒருமுறை மைதானத்துக்குள் காட்டுமாடு ஒன்று வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் அதன் முகத்துக்கு நேராகவும் விசில் அடித்துவிட்டார். அது "யெஸ் சார்" சொல்லவில்லை. மிரண்டுபோய்க் கோல் போஸ்ட்டைச் சாய்த்துவிட்டு, சுவரையும் கொஞ்சம் இடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து காட்டுமாடு இருக்கும் இடத்தில் அவர் மூச்சுகூடச் சத்தமாக விடுவதில்லை.

இந்த மனிதர் மேட்ச் பார்த்தால் இந்தியா தோற்கும். இது நான் கட்டிய கதை இல்லை. ஊரே தீர விசாரித்து முடிவு செய்த விஷயம். காலேஜ் ஹாஸ்டலில் அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போதெல்லாம் சிக்ஸர் பறந்ததாம், திரும்பி வந்து உட்கார்ந்தால் அவுட்டாம். கடைசியில் கூடப் படித்தவர்கள் அவர் கையில் ஒரு குடத்தைக் கொடுத்துக் குழாயடியிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். எங்கள் பஜார் சலூனில் நடந்ததை நானே பார்த்தேன். ஷேவிங்குக்கு உட்கார்ந்தவர், பின்னால் ஓடிய டிவியைக் கண்ணாடியில் ஒரு வினாடி பார்த்துவிட்டார். உடனே விக்கெட். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியோடு அவரைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகுதான் மறுபக்கம் மழித்தார்.

அதனால் பெரிய மேட்ச் என்றால் பஜாரே கூடி அவரை நாடு கடத்திவிடும். யாராவது ஒரு ஜீப்பில் ஏற்றி வியூ பாயிண்டில் இறக்கிவிடுவார்கள். அங்கே பனியைத் தவிரப் பார்க்க ஒன்றும் இருக்காது. மனிதர் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊருக்குள் வெடிச்சத்தம் கேட்டால் எழுந்து வருவார், கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவார். கிரிக்கெட் மேல் உயிரையே வைத்திருந்த ஆள் என்பதுதான் இதில் கொடுமை. மறுநாள் என்னிடம் ஒவ்வொரு பந்தாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும், கோபமாகவும் இருக்கும். நான் கணக்கு வாத்தியார். நிகழ்தகவு என்று ஒரு பாடமே நடத்துகிறவன். என்ன சார் இது மூடநம்பிக்கை என்று பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அவர் ஒரு சின்ன விசில் அடித்துப் பேச்சை முடித்துவிடுவார்.

அந்த வருஷம் இந்தியா உலகக் கோப்பை அரையிறுதிக்கு வந்துவிட்டது. மேட்ச் எங்கேயோ கடல் தாண்டி. நம் ஊர்க் கணக்குக்கு மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது தொடங்கி, மாலையில் பஸ் வருகிற நேரத்துக்கு முடியும். அன்று வேலை நாள். பள்ளிக்கூடத்தை மதியத்தோடு விடலாமா, கூடாதா என்று எச்.எம். அம்மா அறையில் கூட்டம் போட்டார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் பாத்திரக்கடை பாயும் வந்திருந்தார். பாய் நல்ல மனுஷர். அந்த மேட்சுக்காகவே கடையில் புதிதாக ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தார்.

"உள்ள பூட்டி வச்சாலும் புள்ளைங்க மனசு அங்கதான் கெடக்கும், டீச்சர். வெள்ளனே விட்டுருங்க. ஆசையாப் பாத்துட்டுப் போகட்டும்" என்றார் பாய். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பிள்ளைகளுக்காக ஆட்டியதாகத்தான் காட்டிக்கொண்டோம்.

அப்போது அந்தச் சின்ன அறைக்குள் நீளமாக ஒரு விசில் கேட்டது. எச்.எம். அம்மா கையிலிருந்த தண்ணீர் டம்ளர் கீழே விழுந்தது.

"அரைநாளு விட்டா கீழ ஊருப் புள்ளைங்க எதுல போகும்?" என்றார் விசில் சார். "பஸ்ஸு சாயங்காலந்தான வருது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேட்ச் அன்றைக்கு ஒளிந்துகொள்ள மனிதருக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படுகிறது என்று எங்களுக்கு எண்ணம். ஒளிய இடம் வேண்டுமென்றால் தன் குடோனிலேயே பாய் விரித்துத் தருவதாகவும், அதற்காகப் பிள்ளைகளைப் பிடித்து வைக்க வேண்டாம் என்றும் பாய் சொன்னார். விசில் சார் சிரிக்கவில்லை. "ரோட்டுல மாடு நிக்கிது சார்" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

எச்.எம். அம்மா யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் மதியமே வீட்டுக்குப் போகலாம், பஸ் பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து ஸ்மார்ட் போர்டில் மேட்ச் பார்க்கட்டும், பஸ் வந்ததும் ஏற்றிவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டபோது உயர்ந்தது ஒரே ஒரு கை. அது விசில் சாரின் கை. பாய்க்கு முகம் வெளிறிவிட்டது. அவ்வளவு பெரிய திரை ஓடுகிற ஹாலுக்குள் இந்த ஆளா என்று என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனையின் பேரில் ஒத்துக்கொண்டார்கள். அவர் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும்.

அரையிறுதி அன்று அப்படியே உட்கார்ந்தார். மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூல். முதுகுக்குப் பின்னால் உலகக் கோப்பை, முகத்துக்கு முன்னால் தரையில் வரிசையாகப் பிள்ளைகள். மேட்சை அவர் பிள்ளைகளின் முகத்தில் பார்த்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்தால் பந்து மேலே போயிருக்கிறது, கையால் கண்ணைப் பொத்தினால் விக்கெட். நாங்கள் மற்ற வாத்தியார்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எச்.எம். அம்மா முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்தியா இரண்டாவதாக ஆடியது. மளமளவென்று விக்கெட் போய், பிறகு ஒருவர் நின்று ஆட ஆரம்பித்ததும் ஹாலே மூச்சை அடக்கிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

திடீரென்று விசில் அலறியது. முக்கியமான நேரத்தில் இந்த ஆள் திரும்பிப் பார்த்துவிட்டாரோ என்று எனக்குப் பகீரென்றது.

"நிஷாந்தி எங்க?" என்றார்.

மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண். கீழே எஸ்டேட் கூலிக்காரர்களின் லயக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். கொஞ்சம் முன்னால் பாத்ரூம் போனவள் திரும்பி வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி அழ ஆரம்பித்துவிட்டாள். "அவளுக்கு கிரிக்கெட்டே புடிக்காது சார். வீட்டுல ஆடு குட்டி போட்டுருக்காம். அதப் பாக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

பள்ளிக்கூடத்தை விடலாமா, கூடாதா என்று அவ்வளவு நேரம் வாதாடினோமே, கிரிக்கெட் பிடிக்காத பிள்ளை ஒன்று இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பெரியவர்கள் இருந்த ஹாலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரையைப் பார்க்கத் தடை விதிக்கப்பட்டவர் மட்டும்தான்.

மற்ற பிள்ளைகளை வெளியே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் இறங்கி நடந்தார். நானும் கூடப் போனேன். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே கமென்ட்ரி கேட்டது. முதல் வளைவில் டீக்கடை வாசலில் இளவட்டங்கள் ரோட்டின் நீளத்துக்குச் சரவெடியை விரித்துப் போட்டுவிட்டு, கையில் புகையும் ஊதுபத்தியோடு தயாராக நின்றார்கள். எங்களைக் கண்டதும் இருவர் ஓடிவந்து டிவியை மறைத்தார்கள். குடை பிடித்த பிள்ளை ஒன்று கீழே போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். சொல்லிவிட்டு, "நெழற்கொடகிட்ட தனி மாடு ஒண்ணு நிக்கிது சார். வெரட்டுனாலும் போக மாட்டேங்குது. பாத்துப் போங்க" என்றான்.

கூட்டமாக வருகிற காட்டுமாடு தன் பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போகும். தனியாகத் திரிகிற மாட்டிடம்தான் எங்கள் மலைக்காரர்களுக்குப் பயம். விசில் சார் ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே இரண்டு குட்டை விசில் அடிப்பார், நின்று கேட்பார், மறுபடி ஓடுவார். அடுத்த வளைவில், பனிக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"யெஸ் சார்."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் போனதும் பனி சற்று விலகியது. வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

பஸ் நிறுத்த நிழற்குடை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம்தான் வழி. உள்ளே சிமென்ட் பெஞ்சின் மேல் பையை அணைத்துக்கொண்டு, காலை மடக்கி ஏறி உட்கார்ந்திருந்தாள் நிஷாந்தி. அந்த ஒரு வழியையும் அடைத்துக்கொண்டு காட்டுமாடு நின்றது. லாரிக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன முட்டைகோஸ் இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் வந்த சத்தத்தில் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து உஸ்ஸென்று மூச்சு விட்டது. விசில் சார் வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அந்த மனிதரை விசில் இல்லாமல் அப்போதுதான் நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"அசையாதீங்க சார்" என்றார், காற்று மட்டும் வருகிற குரலில். "அதுவா நகரட்டும்."

அப்போது மேலே வீடுகளில் பெரிய ஆரவாரம் எழுந்தது. யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும். மாடு துள்ளிப் பின்வாங்கியது. பின்வாங்கியது நிழற்குடைக்குள். கொம்பு இரும்புத் தூணில் உரசிய சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. அந்தப் பிள்ளை கத்தவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டது.

ஒரு சிக்ஸருக்கே இப்படி என்றால், ஜெயித்ததும் வளைவில் காத்திருக்கும் சரவெடி வெடித்தால் என்ன ஆகும் என்று எனக்கு உறைத்தது. மேலே போய்ச் சொல்லலாம் என்று ஒரு காலை எடுத்தேன். மாடு கொம்பைத் தாழ்த்தியது. காலை அப்படியே வைத்துவிட்டேன். மெதுவாகப் போனை எடுத்து, வெடி போட வேண்டாம் என்று பாய்க்கு மெசேஜ் அனுப்பினேன், டீக்கடைக்கு அனுப்பினேன், தெரிந்த எண்ணுக்கெல்லாம் அனுப்பினேன். அரையிறுதியின் கடைசி ஓவரில் எவன் மெசேஜ் பார்ப்பான்?

"எவ்வளவு வேணும் சார்?" என்று கேட்டார் விசில் சார்.

சத்தத்தை அமுக்கிவிட்டுப் போனில் மேட்சைப் பார்த்தேன். "ஒரு ஓவரு, எட்டு ரன்னு. கையில ஒரே விக்கெட்டு. ஆனா நின்னு ஆடுறவருதான் அடிக்கிறாரு. ஜெயிச்சிரும் சார்."

இந்தியா ஜெயித்துவிடும் என்பதைச் சாவுச் செய்தி மாதிரி சொன்னேன். விசில் சார் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"போனக் குடுங்க. நான் பாக்குறேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும், நிகழ்தகவு நடத்துகிற நான் உடனே போனைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, இத்தனை வருஷமாக நான் கேலி செய்ததெல்லாம் பொய்யாக இருக்க வேண்டும், ஊர் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று பழனி முருகனை வேண்டிக்கொண்டேன்.

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தார். எத்தனை கோப்பை, எத்தனை ஃபைனல், எல்லாவற்றையும் பனியைப் பார்த்தே கழித்த மனிதர், மலைக்கு வந்த பிறகு முதல்முறையாக இந்தியா ஆடுவதைத் தெரிந்தே பார்க்கிறார். அதுவும் தோற்கட்டும் என்று பார்க்கிறார். முதல் பந்தில் ரன் இல்லை. அடுத்த பந்துக்கு மேலே கூச்சல் எழுந்தது, நான்கு ரன். மாடு காலால் தரையைக் கிளறியது. விசில் சார் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பனியாகவும் இருக்கலாம்.

பிறகு மேலே ஒரு வீட்டிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "அய்யோ, போச்சே" என்றது. அடுத்தடுத்த வீடுகளிலிருந்தும் அதே குரல். அப்புறம் பெருமூச்சுகள். அப்புறம் அதுவும் இல்லை. கமென்ட்ரியை ஒவ்வொரு வீடாக அணைத்துவிட்டார்கள். அவ்வளவு ஜனம் இருக்கிற மலை அப்படி வாயடைத்துப் போனதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. காட்டுமாடு காதை விடைத்துக் கொஞ்ச நேரம் கேட்டது. மிச்சமிருந்த ஒரு இலையையும் தின்று முடித்தது. பிறகு ரோட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கிப் பனிக்குள் மறைந்தது.

நிஷாந்தி ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விசிலை எடுத்து ஊதப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தப் பிள்ளை, பிடிக்காத விளையாட்டானாலும் சாருக்குப் பிடிக்குமே என்று மரியாதைக்காகக் கேட்டது.

"யாரு சார் ஜெயிச்சா?"

"நாமதான் தாயி" என்றார் விசில் சார்.

மறுநாள் பஜாரில் அவரே நேராகப் பாத்திரக்கடைக்குப் போய், கடைசி ஓவரைத் தான் பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. பாய் பேச்சை நிறுத்திவிட்டார். டீக்கடையில் விசில் அடித்தால் டீ வரவில்லை. நான் போய் நடந்ததைச் சொன்ன பிறகுதான் பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்கு வந்து விசில் சார் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில், அடுத்த மேட்சுக்காவது பிள்ளைகளை வெள்ளனே விடலாமா என்று கேட்டார்.

"பஸ்ஸு வந்தா விடலாம் பாய்" என்றார் விசில் சார். இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுதான் சட்டம். முதலில் பஸ், பிறகுதான் மேட்ச். பஸ் கிடைக்காத மேட்சுக்குப் பாய் தன் வண்டியையே அனுப்புகிறார். ஆட்டுக்குட்டி பார்க்கப் போகிற பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு.

நான் ஓய்வு பெற்று அய்யம்பாளையத்துக்கு வந்துவிட்டேன். விசில் சார் இன்னமும் மேட்ச் அன்றைக்கு வியூ பாயிண்டில் பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு விஷயம் மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். போனில் வருகிற மேட்ச் டிவிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும். அன்றைக்கு அந்த "அய்யோ" காதில் விழுந்தபோது, அவர் கையிலிருந்த போனில் பவுலர் அந்தப் பந்தைப் போட அப்போதுதான் ஓடிவந்துகொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது. கணக்கு வாத்தியாரான எனக்கு அது அங்கேயே தெரியும். ஆனாலும் என்னை யார் கேட்டாலும், இந்தியா தோற்ற மேட்ச் அத்தனைக்கும் எங்கள் விசில் சார்தான் காரணம் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.